ஊர் பேரில் ஒரு எழுத்து

(மூன்றாம் ஆண்டு, சிவில்)



மலருக்குக் கட்டுரை வேணும்னு செயலாளர் வந்து நின்னப்போ, "நாளைய இந்தியா நம் கையில்" மாதிரி ஏதாவது எழுதிக் கொடுத்திடலாம்னுதான் முதலில் நினைத்தேன். அதை எப்படியும் மெக்கானிக்கல்காரர்கள் யாராவது எழுதிவிடுவார்கள். நான் செஞ்ச ஒரு தப்பைப் பத்தி எழுதுகிறேன். தப்பு சின்னதுதான். ஆனா அதன் பின்னால் இருக்கிற விஷயம் பெரிசு.

போன மார்கழி மாசம் ஒரு சனிக்கிழமை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் நானும் நம் வகுப்பு நண்பர்கள் இரண்டு பேரும் நின்றிருந்தோம். ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, "தம்பி, இவங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல இருந்து வந்திருக்காங்க. மானாம்பதிக்கு எந்தாண்ட போவணும்?" என்றார். காருக்குள் எழுபது வயசு மதிக்கத்தக்க ஒரு பெரியவரும் அவருடைய மகளும். பார்க்க நம்ம ஊர்க்காரர் மாதிரியே இருக்கிறார். பேசினால் இங்கிலீஷ் மட்டும்தான்.

அவர் கையில் பிளாஸ்டிக் கவர் போட்ட ஒரு தாள். அதில் ஒரே ஒரு வரி. ஒரு நம்பர், ஒரு பேர், அப்பா பேர், வயசு 22, சாதி, ஜில்லா செங்கல்பட்டு, தாலுகா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி, ஊர் 'மனமடி', அப்புறம் 'இடது கன்னத்தில் தழும்பு'. அவ்வளவுதான். அந்தப் பெரியவருக்கு அவருடைய தாத்தாவின் அப்பாவைப் பற்றித் தெரிந்தது மொத்தமும் அந்த ஒரு வரி. போட்டோ கிடையாது, கடிதம் கிடையாது. கன்னத்துத் தழும்பு மட்டும் இருக்கிறது.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? தாளை வாங்கிப் பார்த்தேன். "மானாம்பதிதான் சார், இதிலென்ன சந்தேகம்!" என்று அடித்துச் சொன்னேன். பைக்கில் முன்னால் போய் வழியும் காட்டினேன். ஊருக்குள் போய் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வேப்ப மரத்தடியில் நின்றார். கொஞ்சம் மண்ணை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். அழவில்லை. அவர் மகள்தான் அழுதார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து எல்லார்கிட்டேயும் சொன்னேன்.

அடுத்த வாரம் எங்க ஆயா சாவகாசமாக வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்டாங்க. "ஏண்டா, மானாமதின்னு திருப்போரூர் கிட்ட ஒண்ணு இருக்கே. எங்க சின்னம்மாவை அங்கதான் குடுத்தாங்க. அது இல்லன்னு உனக்கு யாரு சொன்னாங்க?"

யாரும் சொல்லவில்லை! திருப்போரூர் பக்கமும் அந்தக் காலத்தில் செங்கல்பட்டு ஜில்லாதான், நம்ம உத்திரமேரூரும் செங்கல்பட்டு ஜில்லாதான். 1997ல்தான் ஜில்லாவைப் பிரித்துக் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று ஆக்கினார்கள். 2019ல் செங்கல்பட்டு மறுபடி தனி மாவட்டம் ஆனது. இன்றைய மேப்பை வைத்துக்கொண்டு நான் அன்றைய ஊரைக் கண்டுபிடித்துவிட்டேன்.

அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் 342 பேர். கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகள். அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு மட்டும் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலானவர்கள் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். பஞ்சத்தில் போனவர்கள், கடனுக்குப் பயந்து போனவர்கள், ஏஜென்ட் பேச்சைக் கேட்டுப் போனவர்கள்.... ஒவ்வொருவருக்கும் கப்பல் பட்டியலில் ஒரு வரி. மொரீஷியஸ், பிஜி, கயானா, டிரினிடாட் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பிஜி, கயானா, சுரினாம், டிரினிடாட் பதிவேடுகளை 2011லும், மொரீஷியஸ் பதிவேடுகளை 2015லும் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நம்ம ஊர் ஆட்களின் பேர், உயரம், தழும்பு எல்லாம் உலகச் சொத்து! நம்ம ஊரில்தான் யாருக்கும் தெரியாது.

நேட்டால் பட்டியலைப் பிற்காலத்தில் அங்கே ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து வரி வரியாகப் படியெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். லட்சத்துக்கு மேல் வரிகள். சும்மா விஷயமில்லை. ஆனால் அதற்கு முன்பே எத்தனை கை மாறியிருக்கிறது, யோசித்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் வாயால் ஊர் பேரைச் சொல்கிறார். சென்னை டிப்போவில் ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி அதை இங்கிலீஷில் எழுதுகிறார். அதைப் பார்த்து இன்னொருவர் கப்பல் பட்டியல் எழுதுகிறார். நூறு வருஷம் கழித்து, தமிழ்நாட்டையே பார்க்காத ஒருவர் அந்தக் கையெழுத்தைப் படித்து டைப் அடிக்கிறார். மானாம்பதியோ மானாமதியோ இத்தனை சல்லடையில் சலித்த பிறகு 'மனமடி'யாக வந்ததே அதிர்ஷ்டம்தான்.

நம்ம பேர் வைக்கிற முறையும் இதில் ஒரு தலைவலி. நமக்கு இனிஷியல்தான், குடும்பப் பேர் கிடையாது. வெள்ளைக்காரன் பாரத்தில் குடும்பப் பேருக்குக் கட்டம் இருக்கிறது. கட்டம் இருந்தால் நிரப்பித்தானே ஆக வேண்டும்? சிலருக்கு அப்பா பேர் போய் உட்கார்ந்தது, சிலருக்குச் சாதிப் பேர் உட்கார்ந்தது. பிள்ளை 'பில்லே' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார், முனுசாமி 'மூன்சாமி' ஆனார். வெள்ளைக்காரனைச் சொல்வானேன்? நம் வகுப்பிலேயே பாதிப்பேருக்குப் பிறந்த நாள் ஜூன் மாசம்! ஸ்கூல் சேர்க்கிற அன்றைக்கு வாத்தியார் போட்ட தேதி. நூறு வருஷம் கழித்து நம் சர்டிபிகேட்டை யாராவது ஆராய்ந்தால், இந்தப் பக்கத்தில் ஜூனில் மட்டும்தான் குழந்தை பிறந்தது என்று புத்தகமே எழுதுவார்கள்.

சரி, தப்பு தெரிந்தால் திருத்திவிட வேண்டியதுதானே என்று நண்பன் ஒருத்தன் கேட்டான். இங்கேதான் நான் மாறுபடுகிறேன். படியெடுக்கிறவன் திருத்தவே கூடாது என்பதுதான் என் கட்சி.

சர்வே பிராக்டிகலில் ஃபீல்டு புக் எழுதுகிறோம். ரப்பர் வைத்து அழித்தால் சார் என்ன செய்வார்? நோட்டு பறக்கும்! தப்பான ரீடிங் மேல் ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுத வேண்டும். பழசும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். ஏன்? எது தப்பு என்று நாம் நினைப்பதே தப்பாக இருக்கலாம். 'மனமடி' என்று இருந்தால் 'மனமடி' என்றே அடிக்க வேண்டும். இது மானாம்பதியாக இருக்கலாம், மானாமதியாக இருக்கலாம், மாமல்லபுரம் பக்கத்து மணமையாகக்கூட இருக்கலாம் என்பதைப் பக்கத்தில் தனியாக எழுத வேண்டும். என்னை மாதிரி ஒரு புத்திசாலி படியெடுக்கும்போதே 'மானாம்பதி' என்று திருத்திவிட்டிருந்தால், எங்க ஆயாவுக்கே சந்தேகம் வந்திருக்காது. உண்மை அதோடு போச்சு.

இதை நமக்குச் சொல்லிக்கொடுக்க வெளியூர் ஆள் வேண்டியதில்லை. தினமும் பஸ்ஸுக்கு நிற்கிறோமே, அங்கேயே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள், 919ம் வருஷம் ஒன்று, 921ம் வருஷம் ஒன்று. 1898ல் படியெடுத்தார்கள். வெங்கய்யா 1904-05ம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் விரிவாக வெளியிட்டார். படியெடுப்பது எப்படி என்றால், கல்லைக் கழுவித் துடைத்து, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளத்துக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். எழுத்து வெள்ளையாக, சுற்றிக் கறுப்பாக வரும். அதன் பிறகுதான் படிப்பது. பழைய கல்வெட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது, எகர ஏகாரத்துக்கு வித்தியாசம் கிடையாது. சிதைந்த எழுத்தை ஊகித்தால் அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். கல்தச்சன் பிழையாகவே வெட்டியிருந்தாலும் உள்ளபடி அச்சிட்டு, திருத்தத்தை அடிக்குறிப்பில் சொல்வார்கள். அந்த ஒழுக்கத்தால்தான் 919ல் உறுப்பினர் வயசு 30 முதல் 60, 921ல் 35 முதல் 70 என்று இன்றைக்கு நாம் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. யாராவது ஒரு ஆர்வக்கோளாறு இரண்டையும் 'சரிசெய்து' ஒன்றாக்கியிருந்தால்?

அந்தக் கல்வெட்டிலேயே வம்சாவளி இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? கணக்குக் காட்டாமல் போன வாரியத்தார் மட்டுமல்ல, அவருடைய சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், மாமனார், மச்சான், மாப்பிள்ளை வரை குடத்தில் ஓலை போடக் கூடாது என்று வரிசையாக உறவுமுறை சொல்கிறது. ஊர்ச் சபைக்கு யார் யாருக்கு என்ன உறவு என்பது அத்துப்படி. இன்றைக்கு நம்மில் எத்தனை பேருக்குக் கொள்ளுத்தாத்தா பேர் தெரியும்? கையைத் தூக்குங்க பார்க்கலாம்!

இந்த விஷயத்தில் அயர்லாந்துக்காரர்கள் பட்ட பாடு பெரிது. பஞ்சத்தில் கப்பல் ஏறிய ஜனம் அவர்களும். அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று சிதறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் ஊர் தேடி வருகிறார்கள். ஆனால் 1922 ஜூன் 30ல் டப்ளின் நகரத்தில் உள்நாட்டுச் சண்டையில் ஆவணக் காப்பகமே எரிந்துபோனது. 1821 முதல் 1851 வரையிலான குடிமதிப்பு ஏடுகள் பெரும்பகுதி சாம்பல். 1861, 1871 ஏடுகளை அரசாங்கமே முன்னதாக அழித்துவிட்டது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப் போர் சமயத்தில் காகிதக் கூழாகப் போயின. மிஞ்சிய 1901, 1911 கணக்கெடுப்பை வீடு வீடாகப் படியெடுத்து யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். எரிந்துபோனவற்றுக்கும் வேறு இடங்களில் இருந்த நகல்களைத் தேடிச் சேர்த்து, 2022ல் நூறாவது வருஷத்தில் ஒரு மெய்நிகர் காப்பகமே திறந்துவிட்டார்கள். நம் நாட்டில் குடிமதிப்புப் படிவத்தை யாரும் பார்க்க 1948ம் வருஷச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய தகவல், அதனால் அது நியாயம்தான் என்றே நான் சொல்வேன்.

வெளியிடுவதில் இன்னொரு சிக்கல். சாதிக் கட்டம். அந்தத் தாளை நான் ஹாஸ்டலில் காட்டியபோது முதலில் வந்த கேள்வி, "என்ன ஆளுங்கடா?" என்பதுதான். ஊரைக் கேட்கவில்லை, தழும்பைக் கேட்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கட்டத்தையே வெளியிடாமல் விட்டுவிடலாம் என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால், ஒரு கட்டத்தை மறைப்பதும் ரப்பர் வைத்து அழிப்பதுதான். எந்தச் சனம் அதிகமாகக் கப்பல் ஏற வேண்டிவந்தது, ஏன் வந்தது என்பதும் அதோடு மறைந்துபோகும். அதனால் ஏட்டில் இருப்பது இருக்கட்டும். ஆனால் தேடுகிறவருக்கு முதலில் கொடுக்க வேண்டியது பேரும் ஊரும். சாதியை வைத்துத் தேடுகிற வசதியை நம் கையால் செய்து கொடுக்க வேண்டியதில்லை. இதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. யாராவது வேறு வழி சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

நம் சங்கத்துக்கு ஒரு வேலை சொல்கிறேன். நாம் டர்பன் போக வேண்டாம். நம்மில் சாலவாக்கம், பெருநகர், களியாம்பூண்டி, திருப்புலிவனம் என்று ஊர் ஊராக இருந்து வருகிறோம். ஒவ்வொருவரும் தன் ஊர், பக்கத்து ஊர், ஏரிக்கரை, காலனி, தாங்கல் பேரையெல்லாம் எழுதி, வாயால் எப்படிச் சொல்கிறார்கள், பழைய பத்திரத்தில் எப்படி இருக்கிறது, இங்கிலீஷில் எப்படியெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் குறித்தால் போதும். உத்திரமேரூரே பழைய இங்கிலீஷ் புத்தகத்தில் 'உத்தரமல்லூர்'. தாலுகா அப்போது மதுராந்தகம். இது தெரியாமல் எத்தனை பேர் சென்னையோடு திரும்பிப் போயிருப்பார்கள்! கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட் நண்பர்கள் டைப் அடித்துக் கொடுத்தால் ஒரு செமஸ்டர் லீவில் முடியும்.

அந்தப் பெரியவருக்கு உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. வாட்ஸ்அப்பில் எழுதுவேன், அழிப்பேன். கடைசியில் அனுப்பினேன். "ஐயா, நான் உறுதியாகச் சொன்னது தப்பு. இரண்டு ஊர் இருக்கிறது." படித்துவிட்டார் என்று நீல டிக் வந்தது. நாலு நாள் பதில் இல்லை. கைக்குட்டை மண் ஞாபகமாகவே இருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு போட்டோ வந்தது. அவரும் மகளும் காப்பகத்துக்குப் போய் மூல ஏட்டையே எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கேள்விக்குறி போட்டிருந்த தாலுகா கட்டத்தில் ஏதோ எழுதித்தான் இருக்கிறது. மை பரவி, ஓரம் நைந்து, முதல் எழுத்து மட்டும் லேசாகத் தெரிகிறது. மதுராந்தகம் என்றால் எம் இருக்க வேண்டும், செங்கல்பட்டு என்றால் சி.

ஹாஸ்டலில் ஐந்து பேர் தனித்தனியாகப் பார்த்தோம், ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தருக்குச் சொல்லாமல். மூன்று பேருக்கு எம். ஒருத்தனுக்கு டபிள்யூ. ஒருத்தனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு எம் என்றுதான் பட்டது, ஆனால் எனக்கு அப்படிப் படத்தானே செய்யும்? ஐந்து பேர் சொன்னதையும் அப்படியே வரிசையாக எழுதி அவருக்கு அனுப்பியிருக்கிறேன். வருகிற மார்கழிக்கு மறுபடி வருகிறாராம். இந்தத் தடவை திருப்போரூர் வழியாகப் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஆயாவும் வர்றேன்னு சொல்றாங்க.