நிலத்துக்குச் சம்பளம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே, வார்ட்டன் கவுண்டியில் இருக்கிறது எல் காம்போ. கவுண்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. நெல் விளையும் பகுதி. 2006இல் வாஷிங்டன் போஸ்ட் நிருபர்கள் அங்கே போனபோது பழைய வயல்கள் சில வீட்டு மனைகளாகிவிட்டிருந்தன. கொல்லையில் குதிரை கட்ட இடம் இருக்கும் அளவுக்குத் தாராளமான மனைகள். அவற்றில் குடியிருந்தவர்கள் நெல் விதைக்கவில்லை. ஆனாலும் வருடா வருடம் அரசிடமிருந்து விவசாய மானியம் வந்துகொண்டிருந்தது. அந்த மண்ணில் ஒரு காலத்தில் நெல் விளைந்ததாகப் பதிவேடு சொன்னதே போதுமாக இருந்தது. விவசாயமே செய்யாதவர்களுக்கு 2000 முதல் நாடு முழுவதும் இப்படிப் போன பணம் 130 கோடி டாலர் என்று அந்தப் பத்திரிகை கணக்குப் போட்டது.

இதில் மோசடி எதுவும் இல்லை என்பதுதான் விசேஷம். எல்லாம் சட்டப்படி நடந்தது. விலை ஏறினாலும் இறங்கினாலும், பயிரிட்டாலும் பயிரிடாவிட்டாலும், பழைய சாகுபடிப் பரப்புக்குப் பணம் என்ற ஏற்பாட்டை 1996 சட்டம் கொண்டுவந்தது. ஏழு ஆண்டுகளுக்கான ஏற்பாடு என்றார்கள். 2014இல்தான் அதை ஒழிக்க முடிந்தது. அப்போதும் 'அடிப்படை ஏக்கர்' என்ற பதிவேட்டுக் கணக்கு தப்பிவிட்டது. இன்று சந்தை விலை, சட்டம் குறித்த விலைக்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு தருகிறது. அதுவும் அந்தப் பழைய ஏக்கரை வைத்துத்தான்.

உச்சவரம்பு உண்டே என்பார்கள். உண்டு. ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் என்றிருந்ததை 2025 சட்டம் 1,55,000 ஆக்கியது. நம் பணத்தில் கோடியைத் தாண்டும். கூட்டாகப் பண்ணை நடத்தினால் பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரம்பு. குடும்பப் பண்ணை என்றால் விதிகள் இன்னும் இளகும். குடும்பத்தில் யார் யார் சேர்த்தி? 2018 சட்டம் உடன்பிறந்தோரின் பிள்ளைகளையும், சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையே தோற்றுவிடும்.

ஜெனீவாவில் இதே அமெரிக்காதான் இந்தியாவின் நெல் ஆதரவு விலையைக் குடைகிறது. 2018-19இல் நெல்லுக்குத் தந்த ஆதரவு, உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம் என்ற உலக வர்த்தக அமைப்பின் வரம்பைத் தாண்டியதாக இந்தியாவே அறிவித்தது. 2013 பாலி மாநாட்டில் கிடைத்த பாதுகாப்பைக் காட்டித் தப்பியது. நம் பிரதிநிதிகள் அங்கே உரக்கப் பேசுவது நியாயம்தான். ஒரு அமெரிக்கப் பங்குதாரருக்கும் இரண்டு ஏக்கர் நெல்காரருக்கும் ஒரே தராசு பொருந்தாது.

ஆனால் எல் காம்போவைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை தில்லிக்குக் கொஞ்சம் குறைவு. பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளில். தொகை சின்னது, விதி மட்டும் பழக்கமானது: நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. கோதாவரி டெல்டாவில் சேற்றில் இறங்குபவர்களில் ஏராளமானோர் குத்தகைதாரர்கள். விதை, உரம், வட்டி எல்லாம் அவர்கள் தலையில். நிலப் பத்திரம் ஊரில் இல்லாத ஒருவர் பெயரில் இருந்தால், மத்திய அரசின் 2,000 ரூபாய்த் தவணையும் அந்த ஒருவரின் வங்கிக் கணக்குக்கே போய்ச் சேர்கிறது.