சுவரும் பெட்டி மூடியும்

போன மாதம் சென்னையில் மகன் வாங்கியிருக்கும் புது ஃபிளாட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தேன். பேத்திக்கு 13 வயது. அவளுக்கென்று தனி அறை. கட்டில், மேஜை, அலமாரி எல்லாம் ஒரே நிறத்தில், ஒரே மரத்தில். இன்டீரியர் டிசைனர் ஒருவர் வந்து அளவெடுத்துச் செய்து கொடுத்தாராம். தலைமாட்டுச் சுவரில் இங்கிலீஷில் ஒரு தன்னம்பிக்கை வாசகம், பெரிய பெரிய எழுத்தில். அதுவும் டிசைனர் தேர்ந்தெடுத்ததுதான்.

அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதில் நீ வைத்தது எது கண்ணு?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். பிறகு மேஜை மேலிருந்த பென்சில் டப்பாவைக் காட்டினாள்.

அன்று முதல் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதின்ம வயதுப் பிள்ளைக்குக் கட்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு சுவர் வேண்டும். அதில் என்ன ஒட்டுவது என்பதில் பெரியவர்கள் தலையிடக் கூடாது. சுவர் பாழாகும்; ஆகட்டும்.

என் வயதுக்காரர்களுக்கு 'என் அறை' என்ற சொல்லே வேடிக்கையாக இருக்கும். கோவில்பட்டியில் நாங்கள் இருந்த வீட்டில் ஏழு பேருக்கு ஒரு பட்டாசாலை, ஓர் அடுப்படி, மேலே வத்தல் மூட்டை போட்டு வைக்கும் ஒரு மச்சு. 1974இல் நான் எஸ்.எஸ்.எல்.சி. வகுப்புக்குப் போனதும், "படிக்கிற பையன், கீழே சத்தமாக இருக்கும்" என்று அப்பா மூட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கி எனக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். 40 வாட்ஸ் பல்பு ஒன்று. காற்றடித்தால் வத்தல் நெடியில் தும்மல் வரும். அந்த வருஷம் நான் படித்ததைவிடத் தும்மியதுதான் அதிகம். ஆனாலும் மூட்டைகளுக்கு எதிரே எட்டடிக்கு ஒரு வெள்ளைச் சுவர் இருந்ததே! அது என்னுடையது என்று யாரும் சொல்லவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

கீழே பட்டாசாலைச் சுவர் அப்பாவுடையது. முருகன், லட்சுமி, காந்தி, நேரு, காமராஜர், அப்புறம் எங்கள் தாத்தா. எல்லாரும் கண்ணாடிச் சட்டத்துக்குள், விட்டத்தை ஒட்டி வரிசையாக, முன்பக்கம் சாய்ந்து நம்மைக் குனிந்து பார்ப்பார்கள். சாமி படங்கள் எல்லாம் காலண்டரிலிருந்து வெட்டிச் சட்டம் போட்டவை. காலண்டர் சாமிகளுக்கு முகம் கொடுத்த கொண்டையராஜு எங்கள் ஊரில்தான் இருந்தார். ஊர்க்காரர் வரைந்த முருகன் என்பதில் அப்பாவுக்குப் பெருமை. எனக்கோ அந்தச் சுவர் வாத்தியார்கள் உட்கார்ந்திருக்கும் மேடை மாதிரி. அதன் கீழே நின்று சத்தமாகச் சிரிக்கக்கூட வராது.

என் சுவருக்குப் படம் எங்கிருந்து வந்தது? அக்காவிடமிருந்து. அக்கா எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டு வீட்டில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். குரோஸுக்கு இவ்வளவு என்று கூலி. குரோஸ் என்றால் 144 பெட்டி; நம் வட்டாரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிவகாசியில் அச்சாகி வரும் லேபிள் தாளில் நிறம் விலகிப்போனவை கழிவாகும். அப்படிக் கழிந்த தாள்களை ஏஜெண்டிடம் கேட்டு வாங்கி வருவாள். வெட்டாத முழுத் தாளில் கிளி கிளியாக, மயில் மயிலாக, ரயில் எஞ்சின் ரயில் எஞ்சினாக இருக்கும். சிவப்பு ஒரு நூல் தள்ளி விழுந்திருப்பதால் எல்லாக் கிளிக்கும் இரண்டு மூக்கு. அதைத்தான் நான் சுவர் ஓரத்துக்குப் பார்டராக ஒட்டினேன். பசையும் அக்கா காய்ச்சியதுதான்: மைதா மாவு, பூச்சி அரிக்காமல் இருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். பெட்டி ஒட்ட வைத்திருக்கும் பசையில் ஒரு கரண்டி எனக்கு ஒதுக்கி வைப்பாள். அந்தப் பசையில் ஒட்டினால் பிரிக்கவே முடியாது. இன்றைக்குப் பேத்தி வீட்டில் விற்கும் பசைநாடா எல்லாம் அதன் கால்தூசி.

நடுவில் 'வசந்த மாளிகை' சிவாஜி. அவருக்குப் பக்கத்தில், என் சிநேகிதன் மனம் நோகக் கூடாதே என்று 'உலகம் சுற்றும் வாலிபன்' எம்.ஜி.ஆர். இரண்டு பேரையும் ஒரே சுவரில் வைத்திருந்தவன் எங்கள் தெருவில் நான் ஒருவன்தான். இரண்டு கட்சியும் என்னைச் சந்தேகமாகவே பார்த்தது.

1975 மார்ச் 15. கோலாலம்பூரில் உலகக் கோப்பை ஹாக்கி இறுதி ஆட்டம். கோவில்பட்டியில் ஹாக்கி என்றால் மற்ற ஊரில் கிரிக்கெட் மாதிரி. மட்டை கிடைக்காவிட்டால் கருவேலங் கம்பை வளைத்துக்கொண்டு ஆடுவோம். டீக்கடை ரேடியோவில் வர்ணனை எங்களுக்குப் புரிந்தது பாதி, புரியாதது பாதி. பாகிஸ்தானை 2-1 என்று ஜெயித்தோம். தயான்சந்தின் மகன் அசோக்குமார் போட்ட கோல்தான் வெற்றி கோல். அஜித்பால் சிங் தலைமையிலான அந்த அணியில் நம் பிலிப்ஸும் இருந்தார். மறுநாள் டீக்கடை பேப்பரை, கடைக்காரர் இரவு கடையைச் சாத்தும் வரை காத்திருந்து வாங்கி, வடைக்கு மடிக்கப் போன பக்கத்தை மீட்டுக்கொண்டு வந்தேன். எண்ணெய்க் கறையோடு சிவாஜிக்கு மேலே ஒட்டினேன். பரீட்சைக்குச் சில வாரம் இருந்தது. அப்பா ஏறி வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இறங்கிப் போகும்போது, "அந்த மூலை பிரிஞ்சிருக்கு, அமுக்கி விடு" என்றார். அவர் என்னைப் பாராட்டியது என்று நான் வைத்துக்கொண்டிருப்பது மொத்தம் நாலைந்து. அதில் அது ஒன்று.

மறு தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்கள். நான் பாளையங்கோட்டைக் கல்லூரி விடுதியிலிருந்து வந்து மச்சில் ஏறிப் பார்த்தால் சுவர் வெள்ளை வெளேரென்று, நீலம் கலந்து, கண் கூசியது. சுரண்டியவருக்குக் கை நொந்திருக்கும். எனக்கும் கொஞ்சம் நொந்ததுதான். கல்யாண வீட்டில் அதை யாரிடம் சொல்ல?

இதுவரை நல்ல பிள்ளையாகப் பேசிக்கொண்டு வந்தேன். இனி என் கதை. 1998இல், கடன் வாங்கிக் கட்டிய என் சொந்த வீட்டில், டிஸ்டெம்பர் அடித்து ஆறு மாதம்கூட ஆகாத சுவரில், ஷார்ஜாவில் டெண்டுல்கர் அடுத்தடுத்து இரண்டு சதம் அடித்த ஆட்டங்களின் படத்தை என் மகன் செலோ டேப் போட்டு ஒட்டியிருந்தான். அவனுக்கும் அப்போது 13 வயது. பெயிண்ட் செலவும் வட்டியும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அவன் பார்க்கப் பார்க்கக் கிழித்தேன். டேப்போடு டிஸ்டெம்பரும் பெயர்ந்து வந்தது. அந்தத் திட்டு ரொம்ப நாள் அப்படியே இருந்தது. பெயிண்ட் அடிக்காமலே விட்டிருந்தேன், காசுக்காக.

ஆகவே போன மாதம் பேத்திக்காக நான் வாயைத் திறந்ததும் மகன் சிரித்துக்கொண்டே, "அப்பா, நீங்களா சொல்றீங்க?" என்றான். அதற்கு மேல் எனக்குப் பேச்சு எழவில்லை. கோபம் இல்லாமல்தான் கேட்டான். ஆனால் 27 வருஷமாக ஞாபகம் வைத்திருக்கிறானே.

பிறகு அவன் இறங்கி வந்தான். மூன்றடிக்கு இரண்டடி சாஃப்ட் போர்டு ஒன்று மாட்டித் தருகிறானாம், அதில் அவள் குத்திக்கொள்ளட்டுமாம். ஆபீஸில் 35 வருஷம் நோட்டீஸ் போர்டைப் பார்த்தவன் நான். சர்க்குலர் ஒட்டும் பலகை அது. இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு அது தேவலை என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

மருமகள் சொன்ன பதில்தான் யோசிக்க வைத்தது. "மாமா, அவங்களுக்கு இப்பச் சுவர் எல்லாம் வேண்டாம். செல்போன்லயே வேணுங்கிற படத்தை வச்சுக்கறாங்க." உண்மைதான். பேத்தி போனில் தினம் ஒரு படம் மாறுகிறது. ஆனால் என் சுவரை அப்பா பார்த்தார், சிநேகிதன் பார்த்துச் சண்டை போட்டான், வத்தல் எடுக்க வந்தவரெல்லாம் பார்த்தார்கள். இந்தப் பையனுக்கு என்ன பிடிக்கும் என்று வீட்டுக்கே தெரிந்திருந்தது. போனில் இருப்பது அவளுக்கும் போனுக்கும் மட்டும்தான் தெரியும். அதைச் சாத்தி வைத்துக்கொண்டு நம் எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

சுவர் கிடைக்காத பிள்ளைக்குப் பெட்டி மூடி. இதை எனக்குக் காட்டியது அக்காதான்.

போன ஆவணியில் அவள் பேரனுக்குக் காதுகுத்து. சாத்தூரில் அவள் வீட்டுப் பரணிலிருந்து பித்தளைப் பானை எடுத்துத் தரச் சொன்னாள். அவள் கல்யாணத்தோடு போன தகரப் பெட்டி. எங்கள் வீட்டில் இருந்தபோது அதை நான் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. அது அக்கா பெட்டி, அவ்வளவுதான். அன்றுதான் திறந்தேன். மூடியின் உள்பக்கம் பூராவும் படம். சரோஜாதேவி இரண்டு, ஒரு காலண்டர் மீனாட்சி, ஓரத்தில் இரட்டை மூக்குக் கிளிகள். எனக்கு மச்சுச் சுவர் முழுக்கத் தாளும் பசையும் தந்தவள், தனக்கு ஒன்றரை அடி மூடியை வைத்துக்கொண்டிருக்கிறாள். நடுவில் வழவழப்பான தாளில் ஹெல்மெட் போட்ட ஒரு பெண். வாலண்டினா தெரஷ்கோவா. 1963இல் விண்வெளிக்குப் போன முதல் பெண். 'சோவியத் நாடு' பத்திரிகைத் தாள். அந்தக் காலத்தில் நோட்டுக்கு அட்டை போட அதை விட்டால் வேறு எது?

"அக்கா, இது என் கணக்கு நோட்டு அட்டை!"

"ஆமா. நீ தேடுதேடுன்னு தேடுன. தம்பி மேல பழியப் போட்டு அவன அடிக்கக்கூட செஞ்ச."

"இந்தப் படத்தைப் போய் எதுக்கு ஒட்டினே?"

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பொம்பளப் பிள்ளை ஒருத்தி அம்புட்டுத் தூரம் தனியாப் போயிட்டு வந்திருக்கான்னு போட்டிருந்துச்சு" என்றாள். அப்புறம், "பானைய எடுத்தாச்சில்ல, மூடியச் சாத்து. தூசி விழும்."