கட்சியே வேண்டாமா?

"கட்சியும் வேண்டாம், தலைவரும் வேண்டாம்" என்று கென்ய இளைஞர்கள் 2024 ஜூனில் தெருவுக்கு வந்தார்கள். பலர் உயிரைக் கொடுத்தார்கள். ஐ.எம்.எஃப். ஆதரித்த வரி மசோதாவை ஜனாதிபதி ரூட்டோ கைவிட்டார். ஆனா அடுத்த மாதமே எதிர்க்கட்சிப் புள்ளிகள் நாலு பேரைத் தன் அமைச்சரவைக்குள் இழுத்துக்கொண்டார். அதைத் தடுக்கப் போராடியவர்களிடம் நாடாளுமன்றத்தில் ஒரு ஆசனம்கூட இல்லை.

செனகலைப் பாருங்கள். 2014இல் தொடங்கிய பாஸ்டெஃப் கட்சியை அரசு 2023இல் கலைத்தது. தலைவர்கள் சிறையில். ஆனாலும் ஆதரவாளர்கள் கலையவில்லை. சிறையிலிருந்து வெளியே வந்து பத்தே நாளில், 2024 மார்ச்சில், அதன் வேட்பாளர் பசிரு ஜொமாய் ஃபாய் 54 சதவீத வாக்கோடு முதல் சுற்றிலேயே ஜனாதிபதியாகத் தேர்வானார்.

கட்சிகள் ஊழலாகும், தலைவர் வழிபாட்டில் விழும். தெரியும். அதனால்தான் உட்கட்சி ஜனநாயகத்துக்குச் சண்டை போடணும். விலகி நின்றால், அந்த இடத்தைப் பழைய ஆட்களே பிடிப்பார்கள்.