தோற்கத் தெரியாத மாயப் பாடசாலை மாணவர்கள்

கடந்த விடுமுறையில் கனடாவில் இருந்து வந்து எம்முடன் ஒரு மாதம் தங்கியிருந்த எனது மகளின் மகனுடைய பயணப்பெட்டியில் உடுப்புகளை விடவும் புத்தகங்களே அதிகமாக இருந்தன. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இந்தக் காலத்தில் புத்தகங்களைச் சுமந்துகொண்டு வருகிறானே என்று மகிழ்ந்துபோய் அவற்றில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பாடசாலைச் சீருடை அணிந்த பெரிய கண்களைக் கொண்ட ஒரு பையனும் ஒரு பெண்ணும் அட்டையில் இருந்தார்கள். ஜப்பானிய நாவல் ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது.

"கதை என்ன தம்பி?" என்று கேட்டேன்.

"மாயவித்தை படிப்பிக்கிற பள்ளிக்கூடம், அம்மப்பா. இவனைக் கீழ்ப் பிரிவிலை போட்டிருக்கினம். ஆனால் இவனை ஒருத்தராலையும் வெல்ல ஏலாது."

"தோற்கவே மாட்டான் எண்டால் பிறகு என்னத்துக்கு இவ்வளவு பாகம்?" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

பத்திரிகைத் தொழிலில் நான்கு தசாப்தங்களுக்கும் கூடுதலான காலத்தைக் கழித்தவனுக்கு ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலைத் தேடாமல் இருப்பது இயலாத காரியம். பேரன் திரும்பிச் செல்வதற்கு முன்னர் அந்த நாவல் வரிசையில் சில பாகங்களையும் அதே வகையைச் சேர்ந்த வேறு சிலவற்றையும் வாசித்து முடித்தேன். பல தொடர்கதைகளின் பிரதிகளைச் செவ்விதாக்கம் செய்த அனுபவம் எனக்கு உண்டு. ஆனால், இரண்டாவது பந்தியிலேயே வெற்றி நிச்சயிக்கப்பட்டுவிட்ட கதைகளை இத்தனை இலட்சம் இளைஞர்கள் விரும்பி வாசிப்பதை விளங்கிக்கொள்ள அந்த அனுபவம் போதுமானதாக இருக்கவில்லை.

லைட் நாவல் என்று அழைக்கப்படுபவை ஜப்பானில் பெரும்பாலும் சட்டைப் பையில் அடங்கக்கூடிய சிறிய அளவில், இடையிடையே சித்திரங்களுடன், உரையாடல்கள் நிறைந்த குறும் பந்திகளில் இளைஞர்களுக்கென்று வெளியிடப்படும் தொடர் நாவல்கள் ஆகும். மாயவித்தைப் பாடசாலை அவற்றுக்கு நன்கு பழகிப்போன களம். நொபொரு யமகுச்சி 2004ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய 'ஸீரோ நோ த்சுகைமா' நாவல் வரிசையில் எந்த மந்திரத்தைச் சொன்னாலும் வெடித்துச் சிதறுவதால் 'பூச்சியம்' என்று சக மாணவர்களால் எள்ளிநகையாடப்படும் லூயிஸ் என்ற பெண்ணைச் சந்திக்கிறோம். அந்த எழுத்தாளர் 2013இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு இன்னொருவர் இறுதி இரு பாகங்களையும் 2016, 2017ஆம் ஆண்டுகளில் நிறைவு செய்தார். அந்தப் பெண்ணின் கதை எப்படி முடிகிறது என்பதை அறிந்துகொள்ள வாசகர்கள் அவ்வளவு காலம் காத்திருந்தார்கள்.

யமகுச்சி எழுதத் தொடங்கிய அதே 2004ஆம் ஆண்டில் 'ஷோசெத்சுகா நி நரோ' என்ற இணையத்தளம் ஆரம்பிக்கப்பட்டது. 'எழுத்தாளர் ஆவோம்' என்பது அந்தப் பெயரின் பொருள். எவரும் எழுதலாம்; எவரும் இலவசமாக வாசிக்கலாம்; வாசகர்கள் வழங்கும் புள்ளிகளின் அடிப்படையில் கதைகள் நாளாந்தம் தரவரிசைப்படுத்தப்படும். அங்கு முன்னணியில் வரும் கதைகளைப் பதிப்பகங்கள் தேடிவந்து நூலாக்குகின்றன. வார இதழ்த் தொடர்கதையில் கதாநாயகன் அவமானப்படும் அத்தியாயத்தைப் படித்த வாசகர் ஏழு நாட்கள் பொறுத்திருப்பார். அடுத்த இதழை வாங்குவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. இணையத்தில் அந்த வாசகரின் விரல் நுனியில் ஆயிரக்கணக்கான வேறு கதைகள் காத்திருக்கின்றன. கதாநாயகன் இன்று அவமானப்பட்டால் இன்றைக்கே பழிதீர்க்க வேண்டும். தோல்வியே அறியாத நாயகன் பெருகியதற்கு இந்த அவசரம் ஒரு முக்கியமான காரணம் என்பது எனது அபிப்பிராயம்.

எனது பேரன் வாசித்த நாவலும் அந்த இணையத்தளத்தில் 2008 அக்டோபரில் தொடங்கியதே. த்சுதொமு சத்தோ எழுதிய 'மஹோக்கா கோக்கோ நோ ரெத்தோசெய்', அதாவது 'மாயவித்தை உயர்நிலைப் பாடசாலையின் கடைநிலை மாணவன்', 2011 ஜூலையில் நூலாக வெளிவரத் தொடங்கி 2020 செப்டெம்பரில் 32 பாகங்களுடன் நிறைவடைந்தது. 2014இல் அது அனிமே தொடராகவும் வந்தது.

கதை 2095ஆம் ஆண்டில் ஆரம்பிக்கிறது. பாடசாலையில் ஒவ்வொரு வருடமும் 200 மாணவர்கள் சேர்க்கப்படுகிறார்கள். முதல் 100 பேரின் சீருடையில் எட்டு இதழ்களைக் கொண்ட மலர்ச் சின்னம் பொறிக்கப்பட்டிருக்கிறது. மற்றைய 100 பேரின் சீருடையில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. முதற் பிரிவினரை 'மலர்' என்றும் இரண்டாம் பிரிவினரை 'களை' என்றும் மாணவர்கள் அழைக்கிறார்கள். அவ்வாறு அழைப்பதற்குத் தடை இருக்கிறது. ஆனால் எவரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. மாயவித்தை ஆசிரியர்களுக்குப் பற்றாக்குறை என்பதால் இரண்டாம் பிரிவினருக்குச் செய்முறைப் பயிற்சியில் தனிப்பட்ட வழிகாட்டல் கிடையாது. இந்தப் பக்கங்களை வாசித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆசிரியர் பற்றாக்குறையைத் தரவரிசையாக மாற்றி, பிறகு அந்தத் தரவரிசையைப் பிள்ளைகளின் தகுதி என்று நம்பவைக்கும் பாடசாலை ஒன்றைப் பற்றி எழுதுபவர் விடயம் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால், கதாநாயகன் தத்சுயா வந்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. எழுத்துப் பரீட்சையில் அவன்தான் முதலிடம். மந்திரத்தின் வேகம், அளவு, வலிமை ஆகியவற்றை அளக்கும் செய்முறைப் பரீட்சையில் மாத்திரம் அவனுக்குக் குறைந்த புள்ளிகள். அந்தக் கருவியினால் அளக்கமுடியாத வேறு ஆற்றல்கள் அவனிடம் இருக்கின்றன. எந்தப் பொருளையும் அணு அணுவாகச் சிதைப்பான்; சிதைந்ததைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவான். உலகமே வியக்கும் மந்திரக் கருவிகளைப் புனைபெயரில் வடிவமைப்பவனும் அவனே. அதே ஆண்டு முடிவதற்குள், தொலைவில் இருந்தவாறே ஒரே மந்திரத்தினால் எதிரி நாட்டின் கடற்படைத் தளம் ஒன்றை அதில் தரித்துநின்ற கப்பல்களுடன் சேர்த்து அழித்துவிடுகிறான். நாவல் அதை வெற்றியாகவே முன்வைக்கிறது.

அப்படியானால் பரீட்சையின் குற்றம்தான் என்ன? அது தத்சுயாவைத் தவறாக எடைபோட்டுவிட்டது என்பது மாத்திரமே. எஞ்சிய 99 'களைகள்' பற்றி நாவலுக்கு அவ்வளவு அக்கறை இல்லை. முதல் இரு பாகங்களிலும் சயாக்கா மிபு என்ற மாணவி வருகிறாள். வாள் பயிற்சியில் திறமைசாலியான அவள் இரண்டாம் பிரிவைச் சேர்ந்தவள். முதற் பிரிவு மாணவி ஒருத்தி தன்னை அலட்சியப்படுத்திவிட்டதாக மனம் நொந்து, சமத்துவம் கோரும் மாணவர்களுடன் சேர்கிறாள். அந்த இயக்கத்தின் பின்னணியில் பயங்கரவாதிகள் இருந்தார்கள் என்றும், அவளை வருத்திய அந்த நினைவே மந்திரத்தினால் திரிக்கப்பட்டது என்றும் நாவல் பின்னர் எமக்குச் சொல்கிறது. பாகுபாட்டைக் காட்டித் தொடங்கிய கதை, அதற்கு எதிராகக் குரல் எழுப்பிய பெண்ணின் மனக்குறையைப் போலி நினைவாக்கி முடித்துவைக்கிறது. சின்னத்தைச் சீருடையில் பொறித்தவர்களை எவரும் கேள்வி கேட்கவில்லை. எனக்கு இந்த நாவலில் மிகவும் உறுத்தலாக இருந்த இடம் இதுவேயாகும்.

சத்தோவுக்கு நியாயம் செய்யும் வகையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தத்சுயாவின் ஆற்றலுக்கு அவர் ஒரு விலையை விதித்திருக்கிறார். சிறுவயதில் தாயார் செய்த மாயப் பரிசோதனையில் அவனது வலுவான உணர்ச்சிகள் அனைத்தும் நீக்கப்பட்டுவிட்டன. தங்கை மியுக்கி மீதான பாசம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. எனவே, 'களை' என்ற ஏளனம் அவனைச் சுடுவதில்லை. அவனுக்காகத் தங்கைதான் கொதிக்கிறாள். இந்த நாவலின் கவர்ச்சி எங்கே இருக்கிறது என்பதை இந்த இடத்தில்தான் நான் கண்டுகொண்டேன். கடற்படைத் தளத்தை அழிக்கும் ஆற்றல் எந்தப் பையனுக்கும் தேவையில்லை. புள்ளிகள் வெளியாகும் தினத்தில் மனம் நோகாமல் இருக்கும் ஆற்றலே அவனுக்குத் தேவைப்படுகிறது.

இதே வகையில் வந்த இன்னொரு புகழ்பெற்ற நாவல் ஷூ எழுதிய 'மஓ ககுயின் நோ ஃபுதெகிகோஷா'. 2018இல் நூலாகவும் 2020இல் அனிமேயாகவும் வெளிவந்தது. இரண்டாயிரம் வருடங்களுக்குப் பிறகு மறுபிறவி எடுத்த அரக்க வேந்தன் அனோஸ், தனது வழித்தோன்றல்களுக்கான கலாசாலையிலேயே மாணவனாகச் சேர்கிறான். தூய அரச பரம்பரையினருக்குக் கறுப்புச் சீருடை, மற்றவர்களுக்கு வெள்ளை. ஆதி வேந்தனின் சிந்தனை எத்தகையது என்று தகுதிப் பரீட்சையில் கேட்கிறார்கள். ஆதி வேந்தனே தனது சிந்தனையை எழுதிக்கொடுக்க, 'தகுதியற்றவன்' என்று தீர்ப்பு வருகிறது. நல்ல நையாண்டி. ஆனால், இதயத் துடிப்பின் ஓசையினாலேயே எதிராளியைக் கொன்றுவிடக்கூடிய அனோஸின் முன்னிலையில் அந்த நையாண்டி நிலைக்கவில்லை. வெள்ளைச் சீருடை அணிந்த சாதாரண மாணவன் ஒருவன், தான் எந்த வேந்தனின் மறுபிறவியும் இல்லை என்றால் என்ன செய்வது?

அதிகாரம் இல்லாத இடத்தில் இருந்து வரும் அதிதிறமைசாலியை எமது இதிகாசங்களும் அறிந்தே இருந்தன. துரோணரின் பயிற்சிக் களத்தில் அருச்சுனனுக்கு நிகராக வில்லேந்தி நின்ற கர்ணனிடம் முதலில் கேட்கப்பட்டது குலம். அருச்சுனனை விஞ்சிய ஏகலைவனிடம் கேட்கப்பட்டது கட்டைவிரல். மகாபாரதம் அவர்களை வெல்லவிடவில்லை. ஆனால் கேட்டது தர்மமா என்ற கேள்வி இன்றுவரை எம்மை விட்டு அகலவுமில்லை. அமெரிக்காவின் உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விஸார்ட் ஒஃப் ஏர்த்சீ' நாவலிலும் ரோக் தீவின் மாயப் பாடசாலையில் கெட் என்ற மாணவன் எல்லோரையும் விடத் திறமைசாலியே. தனது செருக்கினால் அவன் ஒரு நிழலை உலகில் அவிழ்த்துவிட்டு, முகத்தில் தழும்புடன் அதன் பின்னால் அலைகிறான். பலம் வாய்ந்த நாயகனைப் படைப்பதில் குற்றமில்லை. அவனுக்கு அநீதியோ தவறோ நேரும்போது அது வாசகனுக்கும் வலிக்க வேண்டும்.

இந்தக் கதைகள் பிறந்த மண்ணையும் மறந்துவிடக்கூடாது. ஜப்பானிய மாணவர்களின் வாழ்வை ஆட்டிப்படைக்கும் எண்ணுக்கு ஹென்சாச்சி என்று பெயர். சராசரி மாணவனுக்கு 50. நியம விலகல் ஒன்றுக்குப் பத்துப் புள்ளிகள் கூடும் அல்லது குறையும். 1950களின் பிற்பகுதியில் டோக்கியோவின் ஆசிரியர் ஒருவர் மாணவர்களுக்கு நியாயமான முறையில் வழிகாட்டுவதற்காக உருவாக்கிய கணிப்பு அது. காலப்போக்கில் பாடசாலைகளையும் பிள்ளைகளையும் தரம்பிரிக்கும் முத்திரையாக மாறிவிட்டது. தனியார் நிறுவனங்களின் மாதிரிப் பரீட்சைகளை நடுநிலைப் பாடசாலைகளில் இருந்து விலக்குமாறு 1993இல் கல்வி அமைச்சு பணித்த பின்னரும், தனியார் வகுப்புகளின் மூலம் அந்த எண் உயிர்வாழ்கிறது. எமது நாட்டில் பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியும் இதே கணிதத்தின் இன்னொரு வடிவம்தான். இந்தக் கணிதத்தின்படி ஏறத்தாழ அரைவாசிப் பிள்ளைகள் எப்போதும் சராசரிக்குக் கீழேயே இருப்பார்கள். அவர்கள் அனைவரிடமும் கருவியால் அளக்கமுடியாத பேராற்றல் மறைந்திருக்க முடியாது. மறைந்திருக்கத் தேவையுமில்லை. இரகசியமாகவேனும் முதலாவதாக வராத பிள்ளைக்கும் மரியாதை உண்டு என்று சொல்வதற்கு இந்த நாவல்களுக்கு இன்னும் துணிவு வரவில்லை.

இந்த முடிவுடன் கட்டுரையை நிறைவு செய்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். பேரன் புறப்படுவதற்கு முதல் நாள் இரவு இதையெல்லாம் அவனிடம் விளக்கினேன். முழுவதையும் பொறுமையுடன் கேட்டான். அவன் விரும்பிய விசேட கற்கைநெறிக்கான தெரிவில் இந்த வருடம் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை என்று மகள் தொலைபேசியில் சொல்லியிருந்தது எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவன் அதுவரை எங்களிடம் வாய் திறந்ததில்லை.

"நீங்கள் சொல்லுறது சரிதான், அம்மப்பா. ஆனால் நான் தோத்திட்டன்தானே. ஆராவது ஒராள் தோக்காமல் இருக்கட்டுமே" என்றான்.

அந்த நாவல்கள் பற்றிய எனது அபிப்பிராயத்தில் இப்போதும் மாற்றம் இல்லை. சயாக்காவின் மனக்குறை உண்மையானது என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால், பிள்ளைகளின் கையில் இருந்து அத்தகைய புத்தகங்களைப் பறித்து, 'பாடத்தைப் படி' என்று அதட்டும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பிள்ளை எதை ஆற்றிக்கொள்வதற்காக அதை வாசிக்கிறது என்று முதலில் கேளுங்கள். தோற்காத நாயகனிடம் போய் அவர்கள் ஆறுதல் தேடுவதற்கு, தோற்றுப்போனதை எங்களிடம் வந்து சொல்லமுடியாமல் இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். நானும் ஒரு மாத காலமாக அதை அவனிடம் கேட்டிருக்கவில்லை.