நம்மூர் ஏடிவி: பிளக்கா, ஜிபிஎஸ்ஸா?

மக்களே, இன்னிக்கு கவிதையும் இல்ல, சினிமா விமர்சனமும் இல்ல. வண்டி மேட்டர். தைரியமா உள்ள வாங்க :-)

வெளிநாட்டுல ஏடிவின்னு ஒண்ணு இருக்கு. குண்டு டயர் நாலு, ஒரு சீட்டு, ஹேண்டில்பார். மணல், சேறு, மேடு, பள்ளம்னு எங்க வேணா ஏறும். நம்ம நாட்டுல பெரும்பாலும் ரிசார்ட்டுல காசு குடுத்து நாலு ரவுண்டு அடிக்கலாம், அதோட சரி. என்னைக் கேட்டா, பாண்டிச்சேரியோட நிஜ ஏடிவி நாம ஓட்டுற டூவீலர்தான். காலைல கோரிமேடு, மத்தியானம் ஆரோவில் செம்மண் பாதை, சாயங்காலம் வீராம்பட்டினம் மணல், கார்த்திகை பொறந்தா முழங்கால் தண்ணி. டிவிஎஸ் எக்ஸெல்லுல ரெண்டு மூட்டையும் ஒரு மீன் கூடையும் ஏத்திட்டுப் போறவரைப் பாத்தா வெளிநாட்டு ஏடிவி கும்பிடு போட்டுடும்.

இந்த வண்டிக்கு நாம எதுக்குச் செலவு பண்றோம்? செல்போன் ஹோல்டர், அதுக்கு சார்ஜர், மழை உறை. எல்லாம் மேப் பாக்கறதுக்கு. ஆனா ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பாத்து எத்தனை மாசம் ஆச்சுன்னு கேட்டா பதில் வராது. 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற ஜிபிஎஸ் செயற்கைக்கோள் நாம எங்க இருக்கோம்னுதான் சொல்லும். அங்கேருந்து நகர்றதுக்கு ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத பிளக் இடைவெளில பொறி பறக்கணும். அதனால முதல் மரியாதை பிளக்குக்குத்தான்னு அடிச்சுச் சொல்றேன்.

"எல்லா பிளக்கும் ஒண்ணுதான் சார்"னு கடையில சொன்னா நம்பாதீங்க. பிளக் மேல இருக்கற எழுத்துல ஜாதகமே இருக்கு. உதாரணத்துக்கு என்ஜிகே சிபிஆர்8இஏ-9. சி-ன்னா 10 மி.மீ. மரை. ஆர்-ன்னா உள்ள ரெசிஸ்டர் இருக்கு. 8 வெப்ப எண். இ-ன்னா மரை நீளம் 19 மி.மீ. கடைசி 9, இடைவெளி 0.9 மி.மீ. மரை நீளம் கூடிப்போனா பிஸ்டன் மேல போய் இடிக்கலாம். வெப்ப எண்ணுல இன்னொரு கூத்து: என்ஜிகேல எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சி, பாஷ், சாம்பியன்ல அப்படியே தலைகீழ். ஒரு கம்பெனி எண்ணைப் பாத்து இன்னொண்ணை வாங்கினா கதை கந்தல்.

பிளக் முனை சுமார் 450 டிகிரிக்கு மேல இருந்தாத்தான் படியற கரியைத் தானே எரிச்சுக்கும். 800 தாண்டிப் போச்சுன்னா பொறி வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கும். வெப்ப எண்ணோட வேலை இந்த ரெண்டுக்கும் நடுவுல நிறுத்தறதுதான். பக்கத்துத் தெரு தம்பி ஒருத்தர், ரேஸ்காரங்க போடறதுன்னு யாரோ சொன்னாங்கன்னு ரொம்பக் குளிர்ச்சியான இரிடியம் பிளக் போட்டார். மார்க்கெட்டுக்கும் ஸ்கூலுக்கும் போற வண்டி எப்ப சூடாகறது? ஒரே கரி. தினம் காலைல உதை உதைன்னு உதைச்சார். இரிடியம் நல்ல சரக்குதான், நாள்பட உழைக்கும். ஆனா வண்டியோட புத்தகத்துல போட்ட எண்தான் வேதம்.

கழட்டினா கலரையும் பாருங்க. வெளிர் பழுப்பா இருந்தா நிம்மதி. கரிக்கட்டையா இருந்தா பெட்ரோல் அதிகம், இல்லாட்டி ஏர் ஃபில்டர் அடைப்பு. எண்ணெய்ப் பிசுக்குன்னா ரிங் தேய்ஞ்சிருக்கலாம். வெள்ளைவெளேர்னு இருந்தா இன்ஜின் வேகுது. இதைச் சொல்ல எந்த ஆப்பும் வேண்டாம்.

ரெசிஸ்டர் எதுக்குன்னு கேப்பீங்க. அந்தக் காலத்துல வீட்டு வாசல்ல மொபெட் போனா டிவில கோடு கோடா வருமே, ஞாபகம் இருக்கா? அது பிளக்கோட பொறி கிளப்புற ரேடியோ இரைச்சல். 2020 ஏப்ரல்லேருந்து வந்த பிஎஸ்6 வண்டிகள்ல கம்ப்யூட்டர் இருக்கு. ஆர் எழுத்து இல்லாத பிளக்கை அதுல மாட்டினா அந்தக் கம்ப்யூட்டரே தடுமாறலாம். ஹேண்டில்பார்ல மாட்டற போனும் சும்மா இல்ல. பைக் அதிர்வுல ஐபோன் கேமரா கெட்டுப்போகலாம்னு ஆப்பிள் கம்பெனியே 2021-ல எச்சரிச்சது.

சரி, நிஜமான பரீட்சைக்கு வருவோம். 2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல். ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகரெல்லாம் குளமாச்சு. ரோடு எங்க இருக்குன்னு மேப்புக்குத் தெரியும். அதுமேல எவ்ளோ தண்ணி நிக்குதுன்னு தெரியாது. டீக்கடைக்காரர்கிட்ட கேட்டாத்தான் உண்டு.

முழுகின வண்டிய எடுத்ததும் நம்மாளு செய்யற முதல் காரியம் கிக்கரை ஓங்கி உதைக்கறது, இல்லேன்னா செல்ஃப் அடிக்கறது. அங்கதான் ஆபத்து. தண்ணி காத்து மாதிரி சுருங்காது. சிலிண்டர்ல தண்ணி நின்னா பிஸ்டன் அதுல முட்டி கனெக்டிங் ராடு வளையும். பல ஆயிரம் ரூபா வேலை. சாவிய ஆஃப் பண்ணிட்டு முதல்ல பிளக்கைக் கழட்டணும். கிக்கர் இருந்தா மெதுவா மிதிச்சு தண்ணிய வெளிய தள்ளணும். இன்ஜின் ஆயில் டீ கலர்ல இருந்தா மாத்தியே ஆகணும். கிக்கர் இல்லாத வண்டின்னா தள்ளிட்டுப் போய் மெக்கானிக்கிட்ட விடறதுதான் புத்திசாலித்தனம். தினக்கூலிக்காரருக்கு வண்டி ஒரு வாரம் நின்னா அடுப்பும் நிக்கும். அவரைக் காப்பாத்தறது அந்தச் சின்ன பிளக் ஸ்பேனர்தான்.

ஜிபிஎஸ் வேண்டாம்னு சொல்லல. கடலுக்குப் போறவங்களுக்கு அதுதான் கரை. ராத்திரில தெரியாத ஊர்ல எனக்கும் அதுதான் துணை. ஆனா ஊருக்குள்ள, மழைக்காலத்துல, வாய் இருக்கு, வழி கேட்டுக்கலாம். பொறி வரலேன்னா யாரைக் கேட்டும் பிரயோஜனமில்ல.

அடுத்த மழைக்குள்ள ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்பேர் பிளக் வாங்கி சீட்டுக்கடியில போட்டு வைங்க. ரெண்டும் சேந்து போன் ஹோல்டர் விலைகூட ஆகாது.

பி.கு: உங்க பிளக் என்ன கலர்னு பாத்துட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க. கறுப்புன்னா கும்மி நிச்சயம் ;-)