மயக்கிக் குடியை மறக்கடிக்க முடியாது

"சேலத்துல ஒருத்தர் இருக்காராம். எதிர்ல உட்கார வெச்சு, கண்ணைப் பார்த்துப் பேசினாப் போதுமாம். அன்னிக்கோட குடி மறந்துடுமாம்." குடிக்கும் கணவனோடோ மகனோடோ வாழும் எந்தப் பெண்ணிடமும் இந்தச் செய்தி ஒரு நாள் வந்து சேர்கிறது. ஊர் மாறும், ஆள் மாறுவார், கட்டணம் மாறும். ஹிப்னாடிசம் என்பார்கள், மனவசியம் என்பார்கள், ஆழ்மனச் சிகிச்சை என்பார்கள். உள்ளே இருக்கும் நம்பிக்கை மட்டும் மாறுவதில்லை. குடி என்பது மனத்துக்குள் ஏறி உட்கார்ந்துகொண்ட ஒன்று, விவரம் தெரிந்த ஒருவர் அதை வெளியே எடுத்துவிடலாம், எடுத்தபின் திரும்பி வராது.

இந்த நம்பிக்கை பொய். வீட்டின் பணத்தைத் தின்கிறது, சிகிச்சைக்கான காலத்தைத் தின்கிறது, சில நேரம் உயிரையும் எடுக்கிறது. படித்தவர்களும் இதை நம்புகிறார்கள் என்பதால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏற்காடு மலையில் இருக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. சேலத்துக்கு இறங்க வேண்டுமானால் 20 கொண்டை ஊசி வளைவுகள். போய்வர ஒரு நாள், அந்த நாளின் கூலி போச்சு, கூடத் துணைக்கு வருபவரின் கூலியும் போச்சு. மனநல மருத்துவர் "பதினைந்து நாள் கழித்து வாங்க, அப்புறம் மாதா மாதம் வாங்க" என்கிறார். இன்னொருவர் "ஒரே சிட்டிங், மறுபடி வரவே வேண்டாம்" என்கிறார். அந்தப் பெண் யாரிடம் போவாள்? அவள் அறியாமையால் ஏமாறவில்லை. அவளுக்குக் கிடைக்கிற பஸ்ஸையும் கூலியையும் கணக்குப் போட்டுத்தான் முடிவெடுக்கிறாள். ஒரே அமர்வு என்னும் வாக்குறுதி விலைபோவது சிகிச்சை தொலைவில் இருப்பதால்தான்.

மலை உச்சியில், 5,300 அடிக்கு மேல், குகைக்குள் இருக்கிறது சேர்வராயன் கோயில். குனிந்து உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரியம்மனும் அங்கே இருக்கிறார்கள். மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அது குலத்தின் இடம். வைகாசித் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் அங்கே கூடுகின்றன. தமிழ்நாட்டில் எந்தச் சாமி சன்னதியிலும் நடப்பதுதான், குடியை விடுகிறேன் என்று சத்தியம் செய்வதும் கயிறு கட்டிக்கொள்வதும். நகரத்துப் படிப்பாளிகள் இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டு, குளிரூட்டிய அறையில் நடக்கும் ஹிப்னாடிசத்தை விஞ்ஞானம் என்கிறார்கள். எனக்கு இதில் கோபமே வருகிறது. சாமி முன் சத்தியம் செய்கிறவன் தன் வாயால், தன் ஊர் அறிய, தானே சொல்கிறான். உறவுக்காரர்கள் சாட்சி. மறுநாள் அவனைப் பார்க்கிற அத்தனை பேரும் அந்தச் சத்தியத்தை அவனுக்கு நினைவூட்டுகிறார்கள். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்கிறவனுக்கு இதில் எதுவும் இல்லை. இன்னொருவர் தன்னை மாற்றிவிடுவார் என்று காத்திருப்பது மட்டுமே அவன் வேலை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும் என்றால் நான் குகைக் கோயிலுக்குத்தான் போகச் சொல்வேன்.

ஆனால் சத்தியமும் போதாது. பல வருடங்களாகத் தினமும் குடித்தவரின் உடம்புக்குச் சத்தியம் தெரியாது, ஆழ்மனக் கட்டளையும் தெரியாது.

மூளையில் அடக்கும் விசையும் உண்டு, தூண்டும் விசையும் உண்டு. சாராயம் அடக்கும் பக்கத்துக்கு வலுக் கூட்டி, தூண்டும் பக்கத்தை அமுக்குகிறது. தினமும் இது நடந்தால் மூளை அதற்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. தூண்டும் பக்கத்தை ஏற்றி வைத்துக்கொள்கிறது. ஒரு நாள் திடீரென்று சாராயம் நின்றால், ஏற்றி வைத்தது அப்படியே அவிழ்கிறது. முதல் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குக் காய்ச்சல், குழப்பம், இல்லாத உருவங்களைப் பார்த்து அலறுதல் எல்லாம் சேர்ந்து வரும். மருத்துவர்கள் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று சொல்லும் நிலை இது. கவனிக்காமல் விட்டால் சாகலாம். "மந்திரிச்சதும் பேய் ஓடுது" என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருக்கும் அந்த இரவில்தான் அவருக்கு டயஸெபாம் வகை மருந்தும் தயாமின் ஊசியும் தேவைப்படுகிறது. தயாமின் என்பது பி1 வைட்டமின். நெடுநாள் குடித்தவர்கள் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் விட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகச் சிதையலாம். எந்தப் பேச்சாலும், எவ்வளவு கனிவான குரலாலும், இரத்தத்தில் ஒரு வைட்டமினை ஏற்ற முடியாது.

ஹிப்னாடிசத்தையே நான் மறுக்கவில்லை. கவனத்தை ஒருமுகப்படுத்தி, உடம்பைத் தளர்த்தி, ஒரு கருத்தை ஏற்கச் செய்யும் முறை அது. வலியைத் தாங்கவும் பதற்றத்தைக் குறைக்கவும் அதற்குப் பயன் உண்டு. ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில் மயக்கமருந்து இல்லாமல், மெஸ்மரிச முறையில் நோயாளிகளை ஆழ்த்தி அறுவைச் சிகிச்சைகள் செய்தார். ஈதர் வந்தபின் அந்த முறை பின்னுக்குப் போனது. கத்தி படும் ஒரு மணி நேரத்தைக் கடப்பது ஒரு காரியம். குடியை விட்டவர் கடக்க வேண்டியது சம்பள நாளை, கல்யாண வீட்டை, சாவு வீட்டை, மழைக்காலத்து வேலையில்லாத மாலையை.

குடிக்கு இது உதவுகிறதா என்று சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். லண்டன் மனநல மருத்துவர் கிரிஃபித் எட்வர்ட்ஸ் 1966இல் தன் ஆய்வை வெளியிட்டார். வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றவர்களையும், அதோடு ஹிப்னாடிசமும் பெற்றவர்களையும் ஓராண்டு கழித்து ஒப்பிட்டார். சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அரை நூற்றாண்டுக்குப் பிறகு நார்வேயில் ஒரு சிறு ஆய்வு நடந்தது. அங்கே ஹிப்னாடிசம் பெற்றவர்கள் பலரும் தேறினார்கள். சாதாரணமான உரையாடல் சிகிச்சை பெற்றவர்களும் அதே அளவு தேறினார்கள். இரு சாராருமே மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இந்த ஆய்வின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு "வெளிநாட்டில் நிரூபித்துவிட்டார்கள்" என்று விளம்பரம் செய்வது நோயாளியை ஏய்ப்பதே.

இந்த நம்பிக்கையை ஒரு நாடே பரிசோதித்தது என்றால் அது சோவியத் ஒன்றியம்தான். கிரிமியாவின் ஃபியோடோசியா நகரில் இருந்த மருத்துவர் அலெக்சாந்தர் தோவ்ஷென்கோ, 'கோடிங்' என்ற முறையைப் பரப்பினார். கூட்டமாக உட்காரவைத்து நெடுநேரம் பேசுவார். பிறகு ஒவ்வொருவராக அழைத்து, உன் மூளையில் ஒரு குறியீட்டைப் பதித்துவிட்டேன், இத்தனை வருடத்துக்குள் குடித்தால் உனக்குப் பேராபத்து என்று அச்சுறுத்துவார். 1980களில் இது அரசு மருத்துவமனைகளுக்குள்ளேயே நுழைந்தது. லட்சக்கணக்கானோர் போனார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இதை நேரில் ஆராய்ந்த மானுடவியலாளர் யூஜின் ரைக்கெல் 2016இல் ஒரு நூலே எழுதினார். பயம் இருந்தவரை பலர் குடிக்காமல் இருந்தார்கள். தவணை முடிந்தது அல்லது பயம் தேய்ந்தது, திரும்பக் குடித்தார்கள், திரும்பக் கோடிங்குக்கு வந்தார்கள். ரஷ்யாவில் 2003க்கும் 2016க்கும் இடையில் தலைக்கு மது நுகர்வு 43 சதவீதம் குறைந்தது. அதற்கு உலக சுகாதார நிறுவனம் காட்டிய காரணங்களில் கோடிங் இல்லை; விற்கும் நேரத்தைக் குறைத்தது, விலையை ஏற்றியது, விளம்பரத்தைக் கட்டுப்படுத்தியது ஆகியவைதான் இருந்தன.

அப்படியானால் "எங்க சித்தப்பா ஒரே தடவைல விட்டுட்டாரே" என்பவர்களின் பேச்சு? அவர்கள் பொய் சொல்லவில்லை. எதைச் செய்தாலும் முதல் சில வாரம் பலர் குடிக்காமல் இருப்பார்கள். குடி, ஹெராயின், புகை மூன்றிலும் சிகிச்சை முடித்தவர்களைத் தொகுத்துப் பார்த்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு 1971இல் வந்தது. மூன்றிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் முதல் மூன்று மாதத்துக்குள் பழையபடி ஆகிவிட்டார்கள். ஹிப்னாடிசக்காரர் ஒரு மாதத்தில் போன் போட்டு விசாரித்தால் எல்லாமே வெற்றிதான். ஆறாம் மாதம் அவர் விசாரிப்பதில்லை. விட்டவர் ஊர் முழுக்கச் சொல்கிறார். விடாதவரின் மனைவி வாயைத் திறப்பதில்லை.

அவள் ஏன் திறப்பதில்லை என்பதுதான் என்னை அதிகம் வருத்துவது. சிகிச்சை பலிக்காதபோது பழி எங்கே போகிறது என்று பாருங்கள். "அவர் மனசு ஒத்துழைக்கலை, மா. நீங்களும் வீட்ல சண்டை போடாம இருந்திருக்கணும்." காசு வாங்கியவருக்கு எந்தத் தோல்வியும் இல்லை. குடித்தவருக்கோ தான் ஒரு தேறாத பிறவி என்ற எண்ணம் உறுதிப்படுகிறது. இனி எந்த மருத்துவமனைக்கும் அவர் வரமாட்டார். உண்மையில் மறுபடி குடிப்பது இந்த நோயின் வழக்கமான ஒரு கட்டம். சர்க்கரை ஏறிவிட்டால் மருந்தை மாற்றிப் பார்க்கிறோமே, அதுபோல மறுபடி முயல வேண்டிய நேரம் அது.

இதே நம்பிக்கையின் இன்னொரு கிளை, தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் பொடி. குடிப்பவரின் சம்மதம் வேண்டாம் என்பதே அதன் விளம்பரம். சிலர் டைசல்ஃபிராம் மாத்திரையையே அப்படிக் கலக்கிறார்கள். 1948இல் டென்மார்க் ஆய்வாளர்கள் குடிநோய்க்குப் பயன்படும் என்று கண்ட மருந்து அது. அதை எடுத்துக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். இரத்த அழுத்தம் சரிந்து இறக்கவும் கூடும். நோயாளி அறிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவர் மேற்பார்வையில் எடுத்தால் அது உதவும் மருந்து. குழம்பில் ஒளித்தால் விஷம். தாய்மார்களே, அக்காக்களே, யார் சொன்னாலும் இதைச் செய்யாதீர்கள்.

வழி இல்லாமலா இருக்கிறது? கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இன்றும் நடக்கிறது. அவர்கள் மஞ்சக்குடி கிராமத்தில் நடத்திய முகாம்களைப் பற்றி மலைக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். நோயாளிகளை நகரத்துக்கு இழுக்காமல் ஊருக்கே போனார்கள். உள்ளூர்க்காரர்களைத் துணைக்குச் சேர்த்தார்கள். முதலில் உடம்பைத் தேற்றி, பிறகு பேசி, குடும்பத்தையும் உட்காரவைத்து, முகாம் முடிந்த பின்னும் விடாமல் தொடர்ந்தார்கள். இதில் அதிசயம் எதுவும் இல்லை, விடாமுயற்சிதான் இருந்தது. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதில் பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் நம் ஊர்களிலும் நடக்கின்றன. கட்டணம் இல்லை. நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகள் குடிக்கும் வேட்கையைக் குறைக்கின்றன.

ஆனால் 2019இல் வெளியான தேசிய ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருப்பதாகச் சொன்னது. மிச்சமிருக்கும் 37 பேரின் வீட்டுக் கதவுகளைத்தான் வசியக்காரர்கள் தட்டுகிறார்கள்.

இங்கே அரசையும் கேட்காமல் விட முடியாது. சேலம் மாவட்டத்துக்கு இதில் ஒரு வரலாறு உண்டு. சென்னை மாகாணத்தில் முதன்முதலில் மதுவிலக்கு வந்தது இங்கேதான், 1937 அக்டோபர் 1ஆம் தேதி, ராஜாஜி அரசில். வருமானம் போகுமே என்றவர்களுக்கு 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்து பதில் சொன்னார். இன்று டாஸ்மாக் கடையை நடத்துவது அரசே. கடைகளை மூடச் சொல்லிப் போராடிய சேலத்துக் காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று உண்ணாமலைக்கடையில் உயிரை விட்டார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தபோது, பாதிக்கப்பட்ட பலரைத் தூக்கிவந்தது சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான். இவ்வளவுக்கும் பிறகு, குடி ஒரு தனிமனிதனின் மனக்கோளாறு, அதை ஒருவர் கண்ணைப் பார்த்துச் சரிசெய்துவிடுவார் என்று நம்புவது கடைக்காரருக்கும் அரசுக்கும் மிக வசதியான நம்பிக்கை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவால் வரும் மனநலப் பாதிப்புகளையும் மனநோய் என்றே வரையறுக்கிறது. அத்தகையவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் மாநில மனநல ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். "பதிவுச் சான்றைக் காட்டுங்க, ராத்திரி வலிப்பு வந்தா எந்த டாக்டர் பார்ப்பார், ஆறு மாசம் கழிச்சு யார் விசாரிப்பீங்க" என்று முன்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். ஏற்காடு போன்ற ஒவ்வொரு மலை வட்டத்துக்கும் மனநல மருத்துவரும் ஆலோசகரும் குறித்த நாளில் தவறாமல் ஏறி வரவேண்டும். மருந்து அங்கேயே கிடைக்க வேண்டும். கூலியை இழக்காமல் பார்த்துக்கொள்ளும் நேரத்தில் அது நடக்க வேண்டும். கிராமசபையில் தீர்மானமாக எழுதிக் கேட்கலாம்.

அதுவரை போன் இருக்கிறது. போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் இலவசம். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் நான்கைந்து நாள் யாராவது கூடவே இருங்கள். நடுக்கத்தோடு காய்ச்சலோ வலிப்போ குழப்பமோ சேர்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108ஐ உடனே அழையுங்கள். வண்டி வளைவேறி வர நேரமாகும் என்றால் தோட்டத்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு எதிரே இறங்குங்கள்.