தசையின் குரல்

வாலாஜாபாத்திலிருந்து செங்கற்பட்டு அதிக தூரமில்லை. அங்குள்ள தொழுநோய் மருத்துவமனைக்கு 1947இல் வேலூரிலிருந்து பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் வந்தார். (கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர் அவர்.) விரல் முடங்கிய நோயாளி ஒருவரிடம் தம் கையைப் பற்றி அழுத்தச் சொன்னார். அந்தப் பிடி அவருக்கே வலித்தது. பிடித்தவருக்கோ தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியவில்லை! பற்றும் தசையில் வலிமை இருந்தது. அதைப் பற்றிய செய்திதான் மூளைக்குப் போய்ச் சேரவில்லை.

அத்தகைய செய்தியைக் கண் வழியாகவோ காது வழியாகவோ கொண்டு சேர்ப்பதே 'பயோஃபீட்பேக்'. தசை சுருங்கும்போது மிகச் சிறிய மின்துடிப்பு எழுகிறது. தோலில் ஒட்டிய மின்வாய்கள் அதை வாங்க, கருவி அதைப் பெருக்கி ஒலியாகவோ திரையில் கோடாகவோ காட்டுகிறது. விரல் அசைவது கண்ணுக்குத் தெரியும் முன்பே தசை விழித்துவிட்டதை நோயாளி அறியலாம். ஒலியைக் கேட்டும் கோட்டைப் பார்த்தும் மனிதன் தன் தசையின் மிக நுண்ணிய அலகுகளைக்கூட விருப்பப்படி இயக்கக் கற்கலாம் என்று 1963இல் கனடாவில் பாஸ்மாஜியன் காட்டினார்.

நண்பர்களே, இது நமக்கு எதற்கு என்கிறீர்களா? பட்டம் பெற்றதும் நம்மில் பாதிப் பேர் ஏறப்போவது ஒரகடம் பேருந்தில்தானே! என் பெரியம்மா மகன் அங்கே ஓர் ஆலையில் பிரஸ் எந்திரத்தில் வலக்கையைக் கொடுத்தவர். அறுந்த நரம்பையும் தசைநாணையும் மருத்துவர்கள் தைத்துவிட்டார்கள். அதன்பின் மாதக்கணக்கில் பயிற்சி செய்யவேண்டும். "ஒண்ணுமே அசையலியேடா" என்று ஆறாவது வாரத்தில் விட்டுவிட்டார். அன்று ஒரு சிறு 'பீப்' ஒலி கேட்டிருந்தால் விட்டிருப்பாரா என்பதே என் கேள்வி.

கருவி எல்லாவற்றையும் செய்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பக்கவாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. பிராண்டே பின்னாளில் அமெரிக்காவில், உணர்ச்சியற்ற கைகளுக்கு அழுத்தம் மிகுந்தால் ஒலி எழுப்பும் கையுறை செய்து பார்த்தார். வேலைக்குக் குறுக்கே வந்தபோது நோயாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை! "செய்யாதே" என்று தடுக்கும் ஒலியை யார்தான் விரும்புவார்? "இதோ, வருகிறது" என்னும் ஒலி வேறு வகை. கைப்பயிற்சியைத் திரையில் விளையாட்டாகக் காட்டும் 'புளூட்டோ' என்னும் கருவியைச் சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி.யும் சேர்ந்து உருவாக்கியிருப்பதும் இந்த வழியில்தான்.

இவை வேலூரிலும் சென்னையிலும் இருந்தால் போதாது. தையல் பிரித்த தொழிலாளி வாரம் மூன்று நாள் அவ்வளவு தூரம் போக முடியுமா? ஆலைகளுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனைகளில் வேண்டும். கருவியா, பயிற்சி தரும் ஆளா, ஒன்றுக்குத்தான் பணம் என்றால் முதலில் ஆளைப் போடட்டும். மின்வாயை எந்தத் தசைமேல் ஒட்டுவது, எப்போது எடுப்பது என்று சொல்ல அவர் வேண்டுமே!